வழியில் நின்ற வண்டி

மோட்டார் வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரையில் அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. அது நின்றுவிட்டாலோ, அதைத் தவிர வேறெதையும் நினைக்க முடிவதில்லை. காலையில் புறப்படும்போது புளியோதரை மூட்டை, குழந்தைக்கு வெந்நீர், பாட்டிக்கு மருந்து, கல்யாண வீட்டாருக்குக் கொடுக்கவேண்டிய வெள்ளிக் கிண்ணம் எல்லாவற்றையும் ஞாபகமாக எடுத்து வைத்த குடும்பம், பிற்பகல் 3 மணிக்கு இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு புளிய மரத்தடியில் நிற்கிறது. பெட்ரோல் இருக்கிறது. டயர்கள் நான்கும் நன்றாக இருக்கின்றன. என்ஜின்கூட உற்சாகமாக உறுமுகிறது. வண்டி மட்டும் நகர மறுக்கிறது!

டயர் பஞ்சரானால் ஸ்டெப்னியை எடுத்து மாற்றத் தெரிந்தவர் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார். என்ஜின் கொதித்தால் நிறுத்தி ஆறவைக்கவேண்டும் என்பதும் அநேகருக்குத் தெரிந்த விஷயமே. ஆனால் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஏற்படும் கோளாறு நன்றாகப் படித்தவர்களையும் திகைக்க வைத்துவிடுகிறது. அது வண்டியின் வயிற்றுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதே அதற்குக் காரணம். தெரியாத இடத்தைப் பற்றிப் பயம் உண்டாவது மனித சுபாவம். பயந்தவன் ஒன்று, நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் ஓட்டுகிறான். அல்லது முதலில் வந்தவர் சொல்லும் தொகையைக் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைகிறான்.

நாம் மெக்கானிக் அல்ல. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் உபாத்தியாயர். ஆயினும் நெடும் பிரயாணம் போகும் குடும்பத்தார் ஒவ்வொருவரும் இந்த விஷயத்தில் கொஞ்சம் அறிந்திருக்கவேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம். திருப்புளி பிடிக்கத் தெரியவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. விசை எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்திருந்தால் அதுவே போதும்.

கிணற்றில் தண்ணீர் நிறைந்திருக்கிறது. வயலில் பயிர் காத்திருக்கிறது. நடுவே வாய்க்கால் உடைந்துவிட்டால் கிணற்றுத் தண்ணீரால் என்ன பயன்? மோட்டார் வண்டியில் என்ஜினே கிணறு, சக்கரங்களே வயல். இவ்விரண்டுக்கும் நடுவே விசை பாயும் வாய்க்காலைப் பற்றித்தான் இப்போது பேசுகிறோம்.

வாய்க்காலின் தலைமடை போல் இருப்பது கிளட்ச். என்ஜினோடு சுழலும் கனத்த சக்கரத்தின்மேல் ஒரு தகடு அழுந்தி நிற்கிறது. அழுத்தம் இருக்கும்போது விசை பாயும். காலால் மிதித்தால் தகடு விலகி விசை நின்றுபோகும். அடுத்தது கியர்ப் பெட்டி. மேட்டில் ஏறும்போது வேகத்தைக் குறைத்து பலத்தைக் கூட்டுவதும், சமவெளியில் பலத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவதும் இதன் வேலை. பின்சக்கரத்தால் ஓடும் வண்டிகளில் இங்கிருந்து ஒரு நீண்ட இரும்புத் தண்டு வண்டியின் அடியில் பின்னோக்கிச் செல்லும். ரோட்டின் மேடு பள்ளங்களில் வண்டி குலுங்கும்போது அத்தண்டு வளைந்து கொடுப்பதற்காக அதில் யூனிவர்சல் ஜாயிண்ட் என்னும் மூட்டுக்கள் உண்டு. பட்டறைக்காரர்கள் அம்மூட்டில் உள்ள துண்டைக் ‘கிராஸ்’ என்பார்கள். பின்னால் இருக்கும் டிஃபரன்ஷியல் என்னும் பெட்டி விசையை இடமும் வலமுமாகப் பங்கிட்டு இரண்டு சக்கரங்களுக்கும் அனுப்புகிறது.

இன்று குடும்பங்கள் வாங்கும் சிறிய வண்டிகளில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் ஓடுபவை. அவற்றில் நீண்ட தண்டு கிடையாது. கியர்ப் பெட்டியும் டிஃபரன்ஷியலும் ஒன்றாகவே அமைந்து, அங்கிருந்து இரண்டு குட்டையான தண்டுகள் முன்சக்கரங்களுக்குப் போகின்றன. ஒவ்வொரு தண்டின் இரு முனையிலும் ஒரு மூட்டு உண்டு. ஸி.வி. ஜாயிண்ட் என்று அதற்குப் பெயர். மூட்டுக்கு உள்ளே கிரீஸ். வெளியே அதைக் காக்க ஒரு ரப்பர் உறை.

இந்தப் பங்கீட்டைப் பற்றி நமது வகுப்பில் ஒரு பையன் நல்ல கேள்வி ஒன்று கேட்டான். “ஸார், இடப் பக்கத்துத் தண்டு முறிந்தால் வலப் பக்கத்துச் சக்கரம் ஒன்றாவது வண்டியை இழுக்காதா?” என்றான். இழுக்காது என்பதே பதில். வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு கிளையின் கரை உடைந்து போகிறதென்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் முழுவதும் உடைப்பின் வழியாகவே ஓடிவிடும்; மற்றக் கிளைக்குச் சொட்டும் போகாது. டிஃபரன்ஷியலும் அப்படியே. எந்தப் பக்கம் தடை இல்லையோ அந்தப் பக்கமே விசை சுழன்று வீணாகும். முறிந்தது ஒரு தண்டுதான். நிற்பதோ முழு வண்டி. கேட்ட பையன் உழவர் வீட்டுப் பிள்ளை. ஆகையால் உடனே புரிந்துகொண்டான்.

இனி ஒரு பழைய பிரயாணத்தைப் பார்ப்போம். உலகத்தில் முதன் முதலாக மோட்டார் வண்டியில் நெடுந்தூரம் போனவர் யார் என்று கேட்டால், ஒரு குடும்பத் தலைவி என்று சொல்லவேண்டும். அந்த முதல் பிரயாணத்திலேயே விசை வாய்க்காலில் ரிப்பேர் வந்துவிட்டது.

கார்ல் பென்ஸ் என்னும் ஜெர்மானியர் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் தேதி பேட்டண்டு உரிமை கோரி விண்ணப்பம் செய்தார். வண்டி இருந்தது, வாங்குவார்தான் இல்லை. அவர் மனைவி பெர்த்தா அம்மையார், கல்யாணத்துக்கு முன்பே தம் சீதனப் பணத்தைக் கணவரின் தொழிலில் போட்டவர். வண்டி கொட்டகையில் நின்றால் உலகம் அதை நம்பாது என்று அவருக்குத் தோன்றியது. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில், கணவரிடம் சொல்லாமலே, 15 வயது ஆய்கன், 13 வயது ரிச்சர்ட் என்னும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டுவிட்டார். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம். அதற்கு முன் எந்த மோட்டார் வண்டியும் அவ்வளவு தூரம் போனதில்லை.

அந்த வண்டியின் என்ஜினுக்கு ஒரே ஸிலிண்டர். பலம் சுமார் 2½ குதிரைச் சக்தி. விசை ஒரு பட்டையின் வழியாகக் குறுக்குத் தண்டுக்குப் போகும். அங்கிருந்து இரண்டு சங்கிலிகள் பின்சக்கரங்களைச் சுழற்றும். சைக்கிளைப் பார்த்திருக்கும் எவரும் இதைச் சுலபமாக ஊகித்துக்கொள்ளலாம்.

வழியெல்லாம் சங்கடந்தான். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக் கடைக்குப் போய் லிக்ராயின் என்னும் எண்ணெயை வாங்கி ஊற்றினார். மோட்டார் வண்டிக்கு எரிபொருள் விற்ற முதல் கடை என்று அந்த மருந்துக் கடையை இன்றும் சொல்கிறார்கள். எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது; தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். மின்சாரக் கம்பியின் உறை தேய்ந்துபோயிற்று. காலுறையை இறுக்கும் பட்டையைக் கழற்றிக் கம்பிக்குக் கவசமாகச் சுற்றினார். இவையெல்லாம் கைச் சாமானைக் கொண்டே தீர்ந்துவிட்ட கோளாறுகள்.

சங்கிலி கோளாறு செய்தபோது ஊசியும் பட்டையும் உதவவில்லை. தளர்ந்துபோன சங்கிலி பற்சக்கரத்தின் பற்களில் சரியாக உட்காராது; பல்லின்மேல் ஏறி நழுவும். ப்ரூக்ஸால் என்னும் ஊரில் ஒரு கொல்லர் பட்டறையில் சங்கிலியைச் சரிசெய்துகொண்டார்கள். இன்னும் அப்பால், இறக்கங்களில் பிரேக்குக் கட்டைகள் தேய்ந்தபோது, பௌஷ்லாட் என்னும் கிராமத்தில் செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு அவற்றின்மேல் தோல் வைத்துத் தைக்கச் செய்தார். பிரேக்குக்குத் தோலுறை போடும் வழக்கம் அப்படித்தான் உண்டாயிற்று. மேடு வந்த இடங்களிலெல்லாம் வண்டிக்கு பலம் போதவில்லை. கீழே இறங்கித் தள்ளவேண்டியிருந்தது. மாலை மயங்கும் நேரத்தில் ஊர் போய்ச் சேர்ந்ததும், சௌக்கியமாக வந்துவிட்டோம் என்று கணவருக்குத் தந்தி அடித்தார்.

மோட்டார் வண்டியையே கண்டறியாத ஊரில், மோட்டார் வண்டியை ரிப்பேர் செய்தார்கள். இதை நேயர்கள் கவனிக்கவேண்டும். அந்தக் கொல்லருக்கு மோட்டார் தெரியாது. ஆனால் இரும்பு தெரியும். செருப்புத் தைப்பவருக்குப் பிரேக்கு தெரியாது. ஆனால் தோல் தெரியும். அம்மையாருக்கோ இரும்பு வேலையும் தோல் வேலையும் தெரியாது. ஆனால் விசை எங்கே புறப்பட்டு எங்கே போகிறதென்று தெரியும். எது கெட்டது, அது என்ன செய்யவேண்டும் என்று அவர் சொன்னார். கையில் வித்தையுள்ளவர்கள் செய்து கொடுத்தார்கள். வழியில் நடக்கும் ரிப்பேர் எல்லாவற்றுக்கும் சூத்திரம் இதுதான். வண்டியை அறிந்தவர் ஒருவர், வேலையை அறிந்தவர் ஒருவர். இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டால் காரியம் நடக்கும்.

சரி, நமது வண்டிகளுக்கு வருவோம். சங்கிலிக்குப் பதில் தண்டுகளும் பெட்டிகளும் வந்துவிட்டன. ஆனாலும் அவை அநேகமாகச் சொல்லாமல் கெடுவதில்லை. முதலில் முனகும், பிறகு முறையிடும், கடைசியில்தான் நிற்கும். அந்த முனகல்களில் சிலவற்றை நேயர்களுக்குச் சொல்லி வைக்கிறோம்.

மேட்டில் ஏறும்போது என்ஜினின் சுருதி ஏறுகிறது. வண்டியின் வேகம் மட்டும் ஏறவில்லை. அதோடு காகிதமும் ரப்பரும் சேர்ந்து கருகுவதுபோல் ஒரு நாற்றம். கிளட்ச் வழுக்குகிறது என்பதற்கு இதுவே அடையாளம். மலைப் பாதையில் முன்னே லாரி நிற்க, ஓட்டுகிறவர் கிளட்சைப் பாதி மிதித்தபடியே வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்துக்கொண்டிருப்பார். தகடு தேய்வதற்கு அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. வண்டியைப் பிடித்து நிறுத்தக் கைப் பிரேக் இருக்கிறது, அதை உபயோகிக்கவேண்டும். வழுக்கல் தொடங்கிவிட்டால், பத்திரமான இடத்தில் அரை மணி நேரம் நிறுத்தி ஆறவைப்பது நலம். மேல் கியரில்தான் முதலில் வழுக்கும். ஆகையால் கீழ்க் கியரில், மிருதுவாக மிதித்து, அடுத்த ஊர் வரையில் போகலாம். அங்கே போய்ப் பட்டறையைத் தேடவேண்டுமே தவிர, ஆறிவிட்டது என்று நூறு மைல் பயணத்தைத் தொடரக்கூடாது. தேய்ந்த தகடு ஆறினால் வளர்ந்துவிடாது.

கிளட்ச் மிதி காலுக்குத் தட்டுப்படாமல் தரையோடு தரையாகப் போய்விட்டால், கம்பி அறுந்திருக்கலாம். அல்லது எண்ணெய் ஒழுகியிருக்கலாம். பல வண்டிகளில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் எண்ணெய்க் கிண்ணம் ஒன்றே என்பதை ஞாபகத்தில் வைக்கவேண்டும். ஆகவே கிளட்ச் எண்ணெய் ஒழுகும் வண்டியில் பிரேக்கைச் சோதிக்காமல் ஓரடியும் நகரலாகாது.

சக்கரத்தை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது முன்பக்கத்தில் ‘டக் டக் டக்’ என்று ஒரு சப்தம். நேரே போகும்போது அது இல்லை. ஸி.வி. ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். குனிந்து பார்த்தால் ரப்பர் உறை கிழிந்திருக்கும். கிரீஸ் சக்கரத்தின் உட்புறமெல்லாம் வீசியடித்திருக்கும். கிரீஸ் போன வழியே மணல் உள்ளே புகுந்து இரும்பை அரைக்கிறது. சப்தம் புதியதாகவும் சிறியதாகவும் இருந்தால், மெதுவாக அடுத்த பெரிய ஊருக்குப் போய்விடலாம். உறை கிழிந்ததை ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் உறையையும் கிரீஸையும் மாற்றுவதோடு செலவு முடிந்துவிடும். அசட்டையாக இருந்தால் தண்டு முழுவதையும் மாற்ற நேரும்.

பின்சக்கரத்தால் ஓடும் வண்டியில், கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும் அடியிலிருந்து ‘டங்’ என்று ஓர் அடி கேட்டால், கிராஸ் தேய்ந்திருக்கலாம். வேகம் கூடக்கூட வண்டியின் தரையே நடுங்கினால் உடனே வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தவேண்டும். இதில் விளையாடக்கூடாது. அந்த நீண்ட தண்டின் முன்முனை அறுந்து ரோட்டில் விழுந்தால், ஓடுகிற வண்டி அதன்மேல் ஊன்றிக்கொள்ளக் கூடும். உயிருக்கே அபாயம்.

நான்கு சக்கரமும் ஓடும் பழைய மாதிரி ஜீப் வண்டிகளில் ஒரு சௌகரியம் உண்டு. பின்தண்டு கெட்டால் அதை அடியோடு கழற்றி வைத்துவிட்டு, முன்சக்கரங்களின் விசையைக் கொண்டே மெதுவாக ஊர் சேர்ந்துவிடலாம். வண்டியை நன்றாகத் தெரிந்த மெக்கானிக் பார்த்துச் சரி என்றால் மட்டுமே இதைச் செய்யவேண்டும்.

கடைசியாக, வேகத்துக்குத் தக்கபடி ஏறி இறங்கும் ஓர் ஊளைச் சப்தம். கியர்ப் பெட்டியிலோ டிஃபரன்ஷியலிலோ எண்ணெய் குறைந்திருக்கலாம், உருளைகள் தேய்ந்திருக்கலாம். வண்டி நின்ற இடத்தில் தரையைப் பார்க்கவேண்டும். எண்ணெய்ச் சொட்டு இருந்தால், மேற்கொண்டு ஓட்டுவது பற்சக்கரங்களைப் பற்சக்கரங்களே தின்னும்படி செய்வதாகும்.

இவ்வளவையும் நினைவில் வைக்க முடியாதவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி சொல்கிறோம்: “சப்தம் வளர்கிறதா?” காலையில் கேட்ட அளவே மாலையிலும் கேட்டால் அடுத்த ஊர் வரையில் பொறுக்கலாம். பத்து மைலுக்குள் பெரிதாகிவிட்டது என்றாலும், நடுக்கமோ கருகல் நாற்றமோ எண்ணெய் ஒழுக்கோ சேர்ந்துகொண்டது என்றாலும், நல்ல இடம் பார்த்து நிறுத்தவேண்டியதுதான். கல்யாண முகூர்த்தம் தவறிப்போனால் மன்னிப்பார்கள்.

நிறுத்துவதிலும் முறை உண்டு. நெடுஞ்சாலையில் கோளாறான வண்டியைக் காட்டிலும் அதன் பின்னால் வேகமாக வரும் வண்டியே பெரிய அபாயம். என்ஜின் ஓடும்போதே, உருளும் வேகம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்போதே, இடது ஓரமாக ரோட்டை விட்டு இறங்கிவிடவேண்டும். நான்கு பக்கத்து விளக்குகளும் மினுக்கவேண்டும். சிவப்பு முக்கோணப் பலகையை வண்டிக்குப் பின்னால் நல்ல தூரத்தில் வைக்கவேண்டும். குழந்தைகளையும் பெரியவர்களையும் இடப் பக்கக் கதவு வழியாக இறக்கி, வண்டியை விட்டு விலகி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் உட்காரவைக்கவேண்டும். “வெயிலாக இருக்கிறது, உள்ளேயே இருக்கட்டும்” என்று சொல்வது கருணையாகத் தோன்றும். ரோட்டு ஓரத்தில் அது கருணை ஆகாது. தேசிய நெடுஞ்சாலையாயிருந்தால் 1033 என்ற எண்ணுக்குச் சொன்னால் உதவிக்கு வருவார்கள்.

இன்னொன்று: சக்கரத்துக்குப் போகும் தண்டு முறிந்திருந்தால், வண்டியைக் கியரில் போட்டு நிறுத்தினாலும், தானியங்கிக் கியர் வண்டியைப் ‘பார்க்கிங்’கில் வைத்தாலும் அது நிற்காது. அந்தப் பூட்டுக்கள் கியர்ப் பெட்டியைத்தான் பிடிக்கும். உடைப்புக்கு அப்பால் இருக்கும் சக்கரத்தைப் பிடிக்கமாட்டா. சரிவில் நின்றால் வண்டி தானே உருண்டுவிடும். கைப் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல்லும் வைக்கவேண்டும். புறப்படும்போது அந்தக் கல்லை எடுத்து ரோட்டுக்கு வெளியே எறிந்துவிட்டுப் போவது நம் கடமை. நாம் விட்டுவந்த கல் இரவில் சைக்கிளில் வருபவனின் உயிருக்கு எமனாகும்.

இழுத்துச் செல்வதானால் ஒரு விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். தானியங்கிக் கியர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் கியர்ப் பெட்டிக்கு எண்ணெய் பாய்ச்சும் பம்பு என்ஜின் ஓடும்போதுதான் வேலை செய்யும். என்ஜினை நிறுத்திவிட்டுக் கயிறு கட்டி இழுத்தால், உள்ளே எல்லாம் எண்ணெய் இல்லாமல் சுழன்று பாழாகும். விசை பாயும் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கியோ, முழு வண்டியையும் மேடை லாரியில் ஏற்றியோதான் கொண்டுபோகவேண்டும். நான்கு சக்கரமும் ஓடும் வண்டிக்கு மேடை லாரியே தகும். “கயிறு போதும் ஸார்” என்று சொல்லும் நல்லவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுக் காத்திருப்பதே லாபம்.

இனி மெக்கானிக். தெரியாத ஊர், தெரியாத மனிதர். இங்கேதான் படித்தவர்களில் பலர் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர், “கிளட்ச் போய்விட்டது, மாற்று” என்று வைத்தியம் சொல்லிக்கொண்டே போகிறார்கள். போனது கிளட்ச் இல்லையென்றால் தண்டனை அவர்கள் பணப்பைக்குத்தான். வேறு சிலர் எல்லாரையும் திருடராகவே பாவித்து அதட்டுகிறார்கள். டாக்டரிடம் போய் நோயாளி என்ன சொல்லவேண்டும்? எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று சொன்னால் போதும். அதுபோலவே, “திரும்பும்போது மட்டும் சப்தம் வருகிறது, 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நடுங்குகிறது, கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது” என்று அடையாளங்களைச் சொல்லவேண்டும். அனுபவமுள்ளவருக்கு அதுவே பாதி வேலை.

பிறகு மூன்று கேள்விகள் கேட்கலாம். இது நிரந்தரமான ரிப்பேரா, ஊர் போய்ச் சேருவதற்கு மட்டுமா? மொத்தம் எவ்வளவு ஆகும்? கழற்றிய பழைய பாகத்தைக் காட்டுவீர்களா? நேர்மையாளர் எவரும் இக்கேள்விகளால் கோபம் அடையமாட்டார். கிளட்சை மாற்றும்போது தகட்டோடு அதை அழுத்தும் தட்டையும், விலக்கும் உருளையையும் சேர்த்து மாற்றச் சொன்னால் அதைப் பேராசை என்று எண்ணவேண்டாம். கியர்ப் பெட்டியை இறக்கி ஏற்றுவதே பெரிய கூலி. பழைய உருளைக்காக அடுத்த மாதம் மறுபடியும் இறக்குவது எவருக்கும் நல்லதல்ல.

ரோட்டோரத்துப் பட்டறையில் முடியும் வேலை எது, முடியாத வேலை எது என்று பகுத்தறிவதும் அவசியம். 1903-ஆம் ஆண்டில் ஹொரேஷியோ நெல்ஸன் ஜாக்ஸன் என்னும் அமெரிக்க டாக்டர், 50 டாலர் பந்தயம் கட்டி, ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்கு மோட்டாரில் புறப்பட்டார். கூடவே ஸீவல் கிராக்கர் என்னும் மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டார். சக்கரத்தின் உருளைகள் போனபோது, கிராக்கர் ஒரு பண்ணைக்காரரிடம் பேசி, அவருடைய புல்வெட்டும் யந்திரத்திலிருந்த உருளைகளை வாங்கிப் பொருத்தினார். அவ்வளவு கெட்டிக்காரரான கிராக்கரும், என்ஜினுக்குள்ளே முக்கியமான பாகம் உடைந்தபோது, தொழிற்சாலையிலிருந்து ரயிலில் அது வந்து சேரும் வரையில் கை கட்டிக் காத்திருந்தார். 63 நாட்களில் அவர்கள் கடற்கரைக்குக் கடற்கரை போய்ச் சேர்ந்தார்கள். மோட்டாரில் அந்தத் தேசத்தைக் குறுக்கே கடந்தவர்களில் முதல்வர் என்ற பெயரும் பெற்றார்கள். சமயோசிதமாகச் செய்யவேண்டியதைச் செய்ததும், பொறுமையாகக் காத்திருக்கவேண்டியதற்குக் காத்திருந்ததும் சேர்ந்துதான் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

வீட்டுப் பெண்மணிகளுக்கும் பெரிய குழந்தைகளுக்கும் ஒரு வார்த்தை. வண்டி ஓட்டுகிறவருக்கு ரோட்டின்மேல் கண்; பேச்சின்மேல் காது. புதிய சப்தத்தையும் புதிய நாற்றத்தையும் முதலில் உணர்பவர்கள் அநேகமாகப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களே. “உங்களுக்கு என்ன தெரியும்?” என்று அவர்களை அடக்குவது வண்டியின் வாயை அடைப்பதற்குச் சமானம். எப்பொழுதிலிருந்து கேட்கிறது, எந்தப் பக்கம் கேட்கிறது என்று ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கும் பொறுப்பைப் பத்து வயதுப் பையனிடமோ பெண்ணிடமோ கொடுத்துவிடலாம். பிரயாணத்தின் அலுப்பும் தீரும். மெக்கானிக்குக்கு வேண்டிய அடையாளங்களும் கிடைக்கும்.

அந்த நோட்டுப் புத்தகத்துக்கு ஊர் திரும்பிய பிறகும் வேலை உண்டு. வழியில் செய்த ரிப்பேர் ஊர் போய்ச் சேருவதற்காகச் செய்தது. கட்டு பிரிந்த பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்தோம் என்றால், கயிற்றோடு அதை அடுத்த வருஷமும் எடுத்துச் செல்லுவோமா? ஆனால் வண்டி வீட்டு வாசலில் சௌக்கியமாக நின்றதும், பட்டறையின் ஞாபகமே நமக்குப் போய்விடுகிறது. அடுத்த விடுமுறையில் அதே சப்தம் வேறொரு புளிய மரத்தடியில் நம்மைத் தேடி வருகிறது.

பெர்த்தா அம்மையார் சில நாட்கள் தாய்வீட்டில் தங்கிவிட்டு, அதே வண்டியில் வீடு திரும்பினார். பிள்ளைகளோடு மேட்டில் வண்டியைத் தள்ளியதைத் தமாஷாகச் சொல்லிச் சிரித்துவிட்டு அவர் விட்டுவிடவில்லை. மேடு ஏற இரண்டு கியர்கள் போதா என்று கணவரிடம் சொன்னார். கார்ல் பென்ஸ் வண்டிக்கு இன்னொரு கீழ்க் கியரைச் சேர்த்தார். அந்த அம்மையார் 1944-ஆம் ஆண்டு மே மாதத்தில் தமது 95-ஆம் வயதில் காலமானார். அவர் சென்ற பாதைக்கு அவர் பெயரையே சூட்டி, ஜெர்மனியில் இன்று அதைப் பிரயாணிகளுக்கு அடையாளம் காட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்போது மலை ஏறும் ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுகிறவர் கீழ்க் கியருக்கு மாற்றுகிறார்; வண்டி ஒரு முறை முனகிவிட்டு, நிதானமாக ஏறத் தொடங்குகிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் இறங்கித் தள்ளவேண்டியதில்லை.